கத்திரிக்காய்க்குக் கால் இல்லை

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. எங்கள் வீட்டு வாட்டர் ஃபில்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஒருவர் சொன்னார், நான் எடுத்துக்கொண்டேன். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. பாதியில் தெரிந்தால் உங்களுக்குக் கோபம் வரும்.

நேற்று வியாழக்கிழமை. ஃபில்டரில் தண்ணீர் நூல் மாதிரி வந்ததால் சர்வீஸுக்குச் சொல்லி ஆள் வந்திருந்தார். அம்மா ஒரு தட்டு வேகவைத்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். சிங்கவரம் பக்கம் கடலை பிடுங்கும் நாட்களில் செஞ்சியில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதான். அவர் தட்டை இரண்டு விரலால் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, "இப்பத்தாம்மா சாப்ட்டேன்" என்றார்.

அம்மா உள்ளே போனதும் நான் கேட்டேன், கடலை பிடிக்காதா என்று. அவர் மேஜைமேல் கிடந்த நாவல்களைப் பார்த்தார். கதை எழுதுகிற பெண்ணா என்று விசாரித்தார். கொஞ்சம் எழுதுவேன் என்றேன்.

"அப்ப சொல்றேன் தங்கச்சி. எழுதிக்க. ஆனா பேர மாத்திடு. நெடுமாறன்னு வை."

அவர் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே இருப்பார். கேட்டதை வைத்துவிட்டேன்.

(நேரில் அவர். கதைக்குள் அவன். கதைக்குள்ளும் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தால் அவரால் ஒருமுறைகூடத் தடுக்கி விழ முடியாது.)

2

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன்.

'அந்த ஆண்டின் முதல் பனி கூரைகளின்மேல் விழத் தொடங்கியபோது நெடுமாறன் தன் கம்பளி மேலங்கியின்—'

நான் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அதனால் எதைத் தொடங்கினாலும் முதலில் பனி விழுந்துவிடுகிறது. செஞ்சியில் எங்கே விழும்? மார்கழியில் ராஜகிரி உச்சியில் கொஞ்சம் மூட்டம் நிற்கும், ஒன்பது மணிக்குக் கலைந்துவிடும். அடித்துவிட்டேன்.

'நெடுமாறனுக்கு முப்பத்தொரு வயது. உலகத்தில் எட்டே எட்டுப் பொருட்களைத்தான் அவன் சாப்பிடுவான்: இட்லி, தோசை, தயிர்ச்சோறு, ரசம், உருளைக்கிழங்கு, அப்பளம், அவித்த முட்டையின் வெள்ளை, டீயில் நனைத்த பன்.'

இது உண்மை. ஆனால் ரேஷன் கடைப் பலகை மாதிரி இருக்கிறது. மூன்றாவது, நான்கு வயதில் தொடங்குகிறது. அதையே வைத்துக்கொள்வோம்.

3

நான்கு வயதில் நெடுமாறனுக்கு முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் கரப்பான் வந்தது. தோல் சிவந்து, அரிப்பெடுத்து, நீர் கோத்துக்கொள்ளும் வியாதிக்கு ஊரில் அதுதான் பெயர். அவன் அம்மா மீனம்பாள் பஸ் பிடித்து அவலூர்பேட்டையில் ஒரு நாட்டு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனாள். வைத்தியர் தடவ ஓர் எண்ணெய் கொடுத்தார். கூடவே பத்தியம். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், கரப்பான் பண்டம் எதுவும் ஆகாது. கத்திரிக்காய், வேர்க்கடலை, கருவாடு, சோளம், வாழைக்காய். வியாதியைக் கிளப்பிவிடும் தின்பண்டத்துக்கும் வியாதியின் பெயரையே வைத்துவிட்டார்கள் நம் ஆட்கள்.

மறுநாள் மதியம் வீட்டில் கத்திரிக்காய்ச் சாம்பார். பிள்ளை கிண்ணத்துக்குக் கை நீட்டியது. மீனம்பாள் தடுத்தாள்.

"தொடாத கண்ணு. கத்திரிக்கா கரப்பான்."

நான்கு வயதுப் பிள்ளைக்கு உலகத்தில் ஒரே ஒரு கரப்பான்தான் தெரியும். அது அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும். அதற்கு மீசை உண்டு. லைட்டைப் போட்டால் ஓடும்.

நெடுமாறன் கிண்ணத்துக்குள் பார்த்தான். வெந்து பழுப்பேறிய தோல், எண்ணெய் பட்டுப் பளபளவென்று இருந்தது. காம்பைச் சுற்றி அந்தப் பச்சைத் தொப்பி நான்கைந்து விரல்களாகப் பிரிந்து காயைப் பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் பொருந்தியது. எதிரே உட்கார்ந்திருந்த அவன் அப்பா, அவன் வாய்க்கு நைனா, அதில் ஒன்றை எடுத்து, காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, சோற்றோடு பிசைந்து வாயில் வைத்துக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார்.

பிள்ளை தன் தயிர்ச்சோற்றைத் தின்றது. பெரியவர்கள் எத்தனையோ விநோதங்கள் செய்கிறார்கள், சட்டைப் பையில் பல்செட்டை வைத்துக்கொள்கிறார்கள், மூக்குப்பொடி போடுகிறார்கள். இதுவும் ஒன்று.

அடுத்த வாரம் கடலை. அதுவும் கரப்பான் என்றாள் அம்மா. ஓட்டுக்குள் மெல்லிய பழுப்புத் தோலோடு படுத்திருந்ததைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. கருவாட்டுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. போகப்போக, உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாத பண்டமெல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது.*

முப்பதாம் நாளே தோல் சரியாகிவிட்டது. நாற்பத்தெட்டாம் நாள் வந்தது, போனது. 'இன்றோடு பத்தியம் முடிந்தது, இனி எல்லாம் சாப்பிடலாம்' என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. பிள்ளை தானாகவே தட்டைத் தள்ளுவதைப் பார்த்து மீனம்பாள் அவன் உடம்பே வேண்டாம் என்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கல்யாண வீடுகளில் பந்திக்குப் பந்தி சொன்னாள், எங்கள் பிள்ளைக்குக் கரப்பான் பண்டம் ஒத்துக்காது என்று. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. யாருக்குத்தான் ஒத்துக்கொள்ளும் என்று அதற்கு வியப்பு.

* உண்மை எப்போது தெரிந்தது என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பையனுக்குக் கழுத்தில் கரப்பான் வந்தபோது தெரிந்ததாம். மூளைக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிட்டது. தொண்டைக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

4

இங்கே நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன்.

நமக்குப் பிடிக்காதவற்றில் எத்தனை நம்முடையவை? எனக்குப் பாலாடைக்கட்டி என்றால் உயிர். ஆனால் நான் அதைச் சாப்பிட்டதே இல்லை. நான் படித்த நாவல்களில் எல்லாம் ஏழைகள்கூடக் கறுப்பு ரொட்டியோடு பாலாடைக்கட்டி தின்கிறார்கள். எங்கள் வீட்டில் பால் காய்ச்சினால் மேலே படியும் ஆடையை, கட்டியாக்கிச் சர்க்கரை தூவியதாகக் கற்பனை செய்து பன்னிரண்டு வயதிலிருந்து அந்தச் சொல்லைச் சப்பிக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு ஒரு சொல் தொண்டையை அடைத்தது. எனக்கு ஒரு சொல் நாக்கில் ஊறுகிறது. ஆகவே சொல்லுக்கும் சோற்றுக்கும் இடையில் உள்ள—

வேண்டாம். கட்டுரை மாதிரி ஆகிறது. தளவானூருக்குப் போவோம்.

5

போன ஞாயிற்றுக்கிழமை நெடுமாறன் வீட்டார் தளவானூருக்குப் பெண் பார்க்கப் போனார்கள். அம்மா, நைனா, சித்தப்பா, அவன். பெண் கலைவாணி. அந்த ஊர்ப் பால் சொசைட்டியில் வேலை. ஜாதகம் பொருந்தி, போட்டோ மாற்றிக்கொண்டு, இருவரும் இரண்டுமுறை போனிலும் பேசியிருந்தார்கள். இரண்டாவது பேச்சு ஒன்றரை மணி நேரம். அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது. 'பிடித்திருந்தது' என்று நான் எழுதுவது கஞ்சத்தனம். அந்த வாரம் முழுக்க அவன் ஃபில்டர்களில் திருகாணியை மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பிடிக்காவிட்டால் காபியோடு எழுந்துவிடுவார்கள். பிடித்தால்தான் இலையில் உட்காருவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. வாயால் யாரும் சரி என்று சொல்வதில்லை. கைதான் சொல்லும்.

கலைவாணியின் அப்பா ஆதிமூலம் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். லாரியை விட்டபின் முக்கால் ஏக்கரில் கத்திரி போட்டிருந்தார். இலை போட்டார்கள். முதல் பதார்த்தத்தை மாப்பிள்ளைக்குத் தானே வைக்கவேண்டும் என்று அவர் கரண்டியோடு வந்தார். அன்று விடியலில் பறித்த பிஞ்சு. முழுசு முழுசாக, காம்போடு, எண்ணெயில் வதங்கி, கறுத்துப் பளபளத்துக்கொண்டு.

நெடுமாறன் அப்போது இலைக்கு முன்னால் பாதி குனிந்திருந்தான். கரண்டியில் ஆறு ஏழு கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன.

ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு ஏறி இறங்குகிறவன் அவன். பதினைந்து வீட்டிலும் ஏதாவது நீட்டுவார்கள். பத்து வருஷமாக அவன் வாய்க்குப் பழகிய ஒரு வாக்கியம் இருந்தது. அது அவனைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"இப்பத்தான் சாப்ட்டேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. சமையலறைப் பக்கம் பேச்சு நின்றது. சித்தப்பா உட்கார்ந்துவிட்ட இலையிலிருந்து மெல்ல எழுந்தார். மாப்பிள்ளை நனைக்காத கையை வேறு யார் நனைப்பது? ஆதிமூலம் கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் விட்டார். குரலை உயர்த்தவில்லை. பஸ் பிடிக்கிறவர்களாக இருந்தால் இரண்டு மணிக்கு ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

6

அவர்கள் வந்தது வேனில். திரும்பும்போது வயல்கள் முடிந்த இடத்தில் மீனம்பாள்தான் முதலில் கேட்டாள்.

"ஏன்டா, பொண்ணு புடிக்கலயா?"

"புடிச்சிருக்குதும்மா."

"அப்பறம் இன்னாத்துக்குக் கை நனைக்கல?"

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நான்கு வயதில் சாம்பார்க் கிண்ணத்துக்குள் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும். வாழ்க்கையில் முதல் தடவையாக. வேன் அப்போது கல் பாறைகளைச் சுற்றிக்கொண்டு செஞ்சிப் பக்கம் திரும்பியது.

முதலில் வாயைத் திறந்தவர் நைனாதான்.

"அப்ப நான் கரப்பான் பூச்சி துன்றத இருவத்தேழு வருஷமாப் பாத்துக்கினா இருந்த?"

"ஆமா நைனா."

"பாத்துக்கினே எங்கூட உக்காந்து சாப்ட்டியா?"

"நீங்க ஆசையாத் துன்னுவீங்க. இன்னா சொல்றது."

சித்தப்பா சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் முடிந்தார். டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். மீனம்பாளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. துடைக்கத் துடைக்க அது நிற்கவில்லை. பிறகு மகனின் முழங்கையைத் திருப்பி, சட்டையைச் சுருட்டி, அந்த மடிப்பைப் பார்த்தாள். ஒரு வடுகூட இல்லை.

"நாப்பத்தெட்டு நாளுதான்டா சொன்னாரு," என்றாள்.

7

கலைவாணியிடம் எனக்குச் சிக்கல். அவளை நான் பார்த்ததில்லை. முதலில் இப்படி எழுதினேன்: 'கலைவாணி ஜன்னலருகே நின்று, மழையில் கரையும் வெளியைப் பார்த்தபடி, இன்னதென்று தெரியாத ஏதோ ஒன்றுக்காக—'

பால் சொசைட்டியில் காலை ஐந்தரைக்கே கேன்கள் வரிசை கட்டிவிடும். அவளுக்கு ஜன்னலருகே நிற்க ஏது நேரம்? அடித்தேன். அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: அவள் எதையும் சாப்பிடுவாள், சிரித்தால் போனைத் தூரத்தில் வைக்கவேண்டும், போன திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவன் ஒரு வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து போட்ட போனை எடுத்தாள்.

எடுத்ததே பெரிய விஷயம். வீட்டில் ஆதிமூலம் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த புதன்கிழமை அவலூர்பேட்டையிலிருந்து வேறொரு வீட்டார் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியாயிற்று.

நெடுமாறன் ஒரு மூச்சில் சொன்னான்.

"வேர்க்கடலையுமா?" என்றாள் அவள்.

"ஆமாங்க."

"கருவாடு?"

"அதுவுந்தான்."

"ஐயோ பாவம். இன்னாத்தத்தான் சாப்டுவீங்க?"

அவன் எட்டையும் சொன்னான். போனைத் தூரத்தில் வைக்கவேண்டியிருந்தது.

சிரித்து முடித்துவிட்டு அவள் தன் வீட்டுச் சங்கதியைச் சொன்னாள். அவள் நைனா லாரியில் ஒவ்வொரு நடை போய் வரும்போதும் ஏதாவது ஒன்று தின்னக் கொண்டுவருவார். மூங்கில் குருத்து, புகையில் வாட்டிய மீன், உப்பில் ஊறிய ஏதோ ஒரு காய். பெயர் கேட்டுக்கொண்டு வரமாட்டார். பிள்ளைகள் மூவரும் வரிசையாக உட்காருவார்கள், நடுவில் ஒரு காலிக் கிண்ணம் இருக்கும். எல்லாரும் வாயில் வைக்கவேண்டும். பிடித்தவர்கள் அதற்குப் பெயர் வைக்கலாம். பிடிக்காதவர்கள் கிண்ணத்தில் துப்பலாம். திட்டு கிடையாது, முகம் சுளிப்பு கிடையாது. புகை மீனுக்கு அவள் வைத்த பெயர் 'லாரி டயர்'. முதல்முறை துப்பினாளாம், மூன்றாம் முறை கேட்டு வாங்கினாளாம்.

பிறகு, ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரச் சொல்லி அப்பாவிடம் தான் பேசுவதாகச் சொன்னாள். அன்று சமையலில் கத்திரிக்காய் வேண்டாம் என்று சொல்லிவிடவா என்றும் கேட்டாள்.

சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். அவன் தொட்டியில் சாய்ந்துகொண்டு கொஞ்சம் யோசித்தான்.

"வேணாங்க. எனக்குன்னு தனியா எடுத்து வெச்சே எல்லாருக்கும் பழகிப்போச்சு. நீங்க வைங்க."

8

'எல்லாருக்கும்' என்று அவன் சொன்னதில் முக்கியமானவள் சாகிரா. அவனோடு வேலை செய்யும் ஃபர்தீனின் அம்மா. பெரிய பள்ளிவாசல் தெருவில் வீடு. பத்து வருஷமாக அந்த வீட்டில் பிரியாணி தம் போடும்போதெல்லாம் நெடுமாறனுக்காக ஒரு கை வெள்ளைச் சோறு மசாலா படாமல் ஓரமாக எடுத்துவைக்கப்படும்.

ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று கலைவாணியிடமிருந்து பதில் வந்ததும், செவ்வாய்க்கிழமை அவன் அங்கே போய்க் கத்திரிக்காய் தின்னப் பயிற்சி வேண்டும் என்றான். சாகிரா விஷயத்தைக் கேட்டுவிட்டு, பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் பருப்புக் குழம்பான தால்ச்சாவில் கிடந்த கத்திரிக்காயை மசித்து, உருளைக்கிழங்கோடு கலந்து, பெயர் சொல்லாமல் நீட்டினாள். அவன் மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். புதன்கிழமை ஃபர்தீன் ஒரு பச்சைக் கத்திரிக்காயை அவன் உள்ளங்கையில் வைத்தான்.

"மச்சான், நல்லாத் திருப்பிப் பாரு. கால எண்ணு."

"இல்லடா."

"மீசை?"

"இல்ல."

"ஓடுதா?"

நெடுமாறன் உண்மையாகவே கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தான். சாகிரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் அதையே நறுக்கி வதக்கித் தட்டில் வைத்ததும் தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது.

வியாழக்கிழமை எங்கள் வீட்டு ஃபில்டர். இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் நன்றாக வரத் தொடங்கிவிட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தள்ளி வைத்த தட்டை வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம இன்னா ஆகும்னு நீயே எழுதிடு தங்கச்சி. நான் வந்து படிச்சிக்கிறேன்."

9

இன்று வெள்ளிக்கிழமை. நான் எழுதவேண்டிய முடிவு இன்னும் நடக்கவில்லை.

காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பேக்கரியில் தேடிப்பிடித்து ஒரு பாலாடைக்கட்டி வாங்கினேன். சீஸ் என்று கேட்டால்தான் தந்தார்கள். வெந்நீரில் விழுந்த சோப்பில் உப்புப் போட்டமாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். கிண்ணம் காலியாகவே இருக்கிறது. காரணம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதல் முடிவு: நெடுமாறன் கண்ணை மூடி ஒன்றை விழுங்கினான். ஆகா, இத்தனை வருஷம் இதை விட்டுவிட்டேனே என்று மூன்றாவதும் கேட்டு வாங்கினான். ஆதிமூலம் அவனைக் கட்டிக்கொள்ள, எல்லாரும்—

பொய். இருபத்தேழு வருஷம் சாத்திய கதவு அப்படியெல்லாம் திறக்காது. இதை எழுதினால் அவரே அடித்துவிடுவார்.

இரண்டாவது முடிவு: அவனால் முடியவில்லை. புதன்கிழமை அவலூர்பேட்டைக்காரர்கள் வந்து வயிறாரக் கை நனைத்தார்கள். தளவானூர்க் கத்திரித் தோட்டம் ஊதா ஊதாவாகப் பூத்துக்—

இதுவும் முடியாது. நான் படித்த நாவல்களில் இப்படித்தான் முடியும், அழகாகவும் இருக்கும். ஆனால் ஆறு மாதத்தில் அவர் மறுபடி எங்கள் ஃபில்டருக்கு வரவேண்டும்.

ஆகவே இது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி. அதே கூடம், அதே ஆட்கள். ஆதிமூலம் அதே கரண்டியோடு வருகிறார். முகத்தில் சிரிப்பில்லை. இலை ஓரத்தில் ஒரே ஒரு பிஞ்சுக் கத்திரிக்காயை வைக்கிறார், காம்போடு. அது அங்கே கிடக்கிறது. ஓடவில்லை.

அப்போது கலைவாணி, பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் வரக்கூடாத நேரத்தில் வெளியே வந்து, இலைக்கு இடது பக்கம் ஒரு காலி எவர்சில்வர் கிண்ணத்தை வைக்கிறாள். சித்தப்பா அதை ரசத்துக்கு என்று நினைக்கிறார். மீனம்பாள், "இது எதுக்கும்மா?" என்கிறாள்.

"துப்பறதுக்கு அத்தை," என்கிறாள் கலைவாணி.

ஆதிமூலம் கிண்ணத்தைப் பார்க்கிறார். அதன் ஓரத்தில் இருக்கும் நசுங்கலை வைத்து, அது எந்தக் கிண்ணம் என்று அவருக்கு அடையாளம் தெரிகிறது. மூன்று பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து துப்பிய கிண்ணம். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்காருகிறார்.

நெடுமாறன் காம்பைக் கிள்ளுகிறான். சோற்றோடு சேர்த்துப் பிசைகிறான், நான்கு வயதில் நைனா பிசையப் பார்த்த அதே மாதிரி. பக்கத்து இலையில் நைனா மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். கை மேலே போகிறது. வாய் மூடுகிறது. கண்ணை இறுக்கிக்கொண்டு அவன் நாக்கால் கால்களைத் தேடுகிறான். ஆறு இருக்கவேண்டும்.

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். அவன் விழுங்கினானா, கிண்ணத்தை எடுத்தானா என்பது உங்களுடையது. உங்கள் வீட்டில் எதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் விட்டார்கள் என்பதைப் பொறுத்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முடிக்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆதிமூலம் மட்டும் கையைப் பார்க்கிறார். ஐந்து விரலிலும் எண்ணெயும் புளியும் சோறும் ஒட்டியிருக்கின்றன.